மணலுக்கு ஏற்ற சில்லு

1

என் மகள் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய ஆய்வில் நான் ஏழாம் இலக்கத் தகவலாளர். ஆண், ஐம்பத்து மூன்று வயது, ஆஸ்பத்திரித் தொழிலாளி, ஆரம்பக் கல்வி. பெயர் போடக்கூடாது என்பது பல்கலைக்கழகத்தின் விதியாம்.

ஆய்வின் பொருள், சாம்பியா என்ற ஆபிரிக்க நாட்டில் சுகாதாரம், கல்வி, வேலை ஆகியவற்றால் மனித மூலதனத்தை வளர்ப்பது. நூற்றெண்பது பக்கம். அதில் எனக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறாள். அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வாசித்து முடித்தேன். பிழை ஒன்றும் இல்லை. ஆனால் நடந்தது அதில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்ன வேலை செய்கிறாய் என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு "மெல்பேர்ணில் ஒரு ஆஸ்பத்திரியில்" என்று மட்டும் எழுதுவது என் வழக்கம். ஒருமுறை ஒருவர் தன் நெஞ்சு எக்ஸ்ரே படத்தை அனுப்பி என் அபிப்பிராயத்தைக் கேட்டிருந்தார். அவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நான் சில்லுக்கதிரை திருத்துகிறவன். நடக்க முடியாதவர்கள் இருந்து போகும் கதிரை. கட்டில், தள்ளுவண்டி, ஊன்றுகோல் எல்லாம் பார்ப்பேன். ஆனால் கதிரைதான் பிரதானம்.

பதினொரு வயதில் பருத்தித்துறையில் ஒரு சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். எண்பத்தைந்தில் அண்ணா கூப்பிட்டு இங்கே வந்தேன். ஆஸ்பத்திரியில் நாலு வருடம் நிலம் துடைத்தேன். ஒருநாள் கோணலாக ஓடிய ஒரு கதிரையின் சில்லைக் கேட்காமல் திருத்தினேன். அதை மேலாளர் கிரெக் கண்டுவிட்டார். மறுநாள் துடைப்பத்தை வாங்கிக்கொண்டு ஒரு குறடு தந்தார். பதவி உயர்வுக் கடிதம் எதுவும் தரவில்லை. பதிவேட்டில் இன்னும் துப்புரவாளர் என்றே இருக்கிறேன்.

2

எங்கள் ஆஸ்பத்திரியில் கிரேஸ் என்று ஒரு தாதி இருக்கிறார். சாம்பியாக்காரி. அங்கே அரசாங்கம் படிப்பித்த தாதி. "என்ர நாடு என்னைப் படிப்பிச்சது. இஞ்ச வந்து வெள்ளைக்காரக் கிழவருக்கு மருந்து குடுக்கிறன்" என்று சொல்லிச் சிரிப்பார். அவர் ஆங்கிலத்தில்தான் சொல்வார். எனக்கு அது இப்படித்தான் கேட்கும். ஆகவே இதில் வரும் ஆபிரிக்கர்கள் எல்லோரும் வடமராட்சித் தமிழ் பேசுவார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரி கழித்துவிடும் கதிரைகளைச் சேர்த்துத் தன் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று கிரேஸ் கேட்டார். கிரெக் சம்மதித்தார். கதிரைகளைத் திருத்துவது என் பொறுப்பு. ஐந்து மாதம் இருந்து நாற்பது கதிரை செய்தேன். ரயர் புதிது, மெத்தை புதிது. துரு எடுத்து, முகம் பார்க்கும்படி மினுக்கினேன். பார்த்து முடித்த கதிரையின் முன்சில்லு நட்டில் மஞ்சள் பெயின்ற்றால் ஒரு பொட்டு வைப்பேன். அது என் கையெழுத்து மாதிரி.

கதிரைகளை ஏற்றிய கொள்கலன் போய் ஒன்றரை வருடத்துக்குப் பிறகு கிரேஸ் விடுமுறையில் ஊருக்குப் போய்வந்தார். வந்த அன்றே என் வேலைமேசைக்கு வந்து நின்றார்.

"ராஜ், ஒரு கதிரையும் ஓடேல்லை."

"ஏன்?"

"உடைஞ்சிட்டுது. எல்லாத்தையும் ஸ்ரோருக்குள்ள போட்டுப் பூட்டி வைச்சிருக்கினம்."

"திருத்தலாமே."

"ஆர் திருத்துறது? ரெக்னீசியன் செத்துப்போனார். அவருக்கு முதல் இருந்தவரும் செத்துப்போனார். அதுக்கு முதல் இருந்தவர் இங்கிலாந்துக்குப் போட்டார். ஆறு வருசமா அந்த இடம் காலி. ரெக்னீசியன் இல்லாமல் ஸ்ரோர்ப் பூட்டின்ர திறப்பு ஒருத்தருக்கும் குடுக்கேலாதாம்."

அந்த வருடங்களில் அந்த நாட்டில் எயிட்ஸ் நோய் அப்படி. படித்தவர்கள் செத்தார்கள், அல்லது வெளியே போனார்கள். எங்கள் ஊரிலும் அதுதான் நடந்தது. காரணம்தான் வேறு.

"இனிக் கதிரை அனுப்பிறதில்லை. அங்கயிருந்து ஒரு ஆளைக் கொண்டுவாறன். நீங்கள் பழக்கிவிடுங்கோ" என்றார் கிரேஸ். கூச்சக்காரன் பேசாமல் நின்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எல்லா நாட்டிலும் வழக்கம் போலிருக்கிறது.

3

வரப்போகிறவருக்கு ஆஸ்பத்திரி விடுதியில் அறை கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கு ஒழுங்கில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டிவரலாம் என்று நினைத்து மனைவியிடம் சொன்னேன்.

"ஆரப்பா வாறது?"

"மிஸ்டர் பண்டா."

மனைவி கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். எங்கள் நாட்டில் பண்டா என்றால் சிங்களவர்.

"எந்த இடத்துப் பண்டா?"

"சாம்பியா."

"அங்கயும் போய்ச் சேந்திட்டினமோ?"

பண்டா என்பது அந்த நாட்டிலும் சாதாரணமான பெயர் என்று விளக்கினேன். அவள் நம்பவில்லை. மூன்று நாள் கழித்து வாசலில் ஆளை நேரில் பார்த்த பிறகுதான் நம்பினாள். ஐம்பது வயது இருக்கும். உயரமானவர், கழுத்துப் பட்டி கட்டியிருந்தார். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகும் வேலை. என்னைவிட இரண்டு வகுப்புக் கூடப் படித்தவர். மனைவி வைத்த நெத்தலிக் கருவாட்டுக் குழம்பைப் பார்த்ததும் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்தோம். கை கழுவப் போனார். அவர்களும் அதே மாதிரிச் சின்னக் கருவாட்டைச் சோளமாக் களியோடு கையால்தான் சாப்பிடுவார்களாம். அன்றிலிருந்து மனைவிக்கு அவர் "எங்கட பண்டா".

முதல் நாள் வேலைக்கு வரும்போது கையில் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். விமான நிலையத்தில் அதற்காக மூன்று மணித்தியாலம் மறித்து வைத்திருந்தார்களாம். மண் ஒட்டிய பொருளை இந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். கடைசியில் அதிகாரிகளே மண்ணைத் தேய்த்துக் கழுவிக் கொடுத்திருந்தார்கள். பிரித்தால் ஒரு கதிரையின் முன்சில்லு. உள்ளங்கை அகலம், இறுகிய ரப்பர். நடுவில் வெடித்திருந்தது. நட்டில் மஞ்சள் பொட்டு.

"இது என்ர மனிசியின்ர கதிரை" என்றார் பண்டா.

அவருடைய மனைவி எஸ்தர் பள்ளிக்கூட ஆசிரியை. சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் இயங்காது. முதலாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் சேர்த்து எழுபது பிள்ளைகளுக்கு அவர் ஒருத்திதான். பள்ளிக்கூடம் மூன்று கிலோமீற்றர். பதினொரு வருடமாகப் பண்டா அவரைச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, பிறகு தன் வேலைக்குப் போவார். மெல்பேர்ணிலிருந்து கதிரை வந்தபோது ஊரே கூடி நின்று பார்த்ததாம். எஸ்தர் முதல் நாள் இருநூறு மீற்றர் போனார். பாதை முழுக்க மணல். முன்சில்லு புதைந்து, கதிரை குப்புற விழுந்தது. எட்டு மாதம் தள்ளியும் இழுத்தும் பார்த்தார்கள். பிறகு சில்லு வெடித்தது. பண்டா திரும்பவும் சைக்கிளை எடுத்தார்.

"இப்ப நீங்கள் இஞ்ச. அவவை ஆர் கொண்டுபோறது?" என்று கேட்டேன்.

"என்ர தம்பி. கவனமில்லாதவன்."

நான் சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அது பளிங்கு மாதிரித் தரையில் ஓடும் சில்லு. மணலில் புதையும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் பிறந்தது வடமராட்சி கிழக்குக் கடற்கரையில். பாதை என்ற ஒன்றே கிடையாது, எல்லாம் மணல்தான். மீன் சைக்கிள்காரர் எத்தனை பேர் எங்கள் கடையில் தடித்த ரயர் கேட்டு வாங்கியிருப்பார்கள். இருபது வருடம் ஆஸ்பத்திரித் தரையில் நின்றவனுக்கு மணல் மறந்துபோய்விட்டது. ஆனால் மினுக்க மறக்கவில்லை.

அதைப் பண்டாவிடம் சொல்லவில்லை. சில்லை மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

4

இங்கே வருடத்தில் சில நாட்கள் வீட்டுக்கு வேண்டாத பெரிய சாமான்களைத் தெருவோரம் வைக்கலாம். நகரசபை வந்து அள்ளிக்கொண்டு போகும். கிளென் வேவர்லி என்ற புறநகர்ப் பக்கத்தில் நல்ல பள்ளிக்கூடங்களுக்காக வீடு வாங்கிய வசதியான சனம். அவர்கள் எறிவது எங்களுக்குப் புதியது. அங்கே உடற்பயிற்சிக்கு ஓடும் தாய்மார் தள்ளும் மூன்று சில்லுக் குழந்தை வண்டி கிடைக்கும். தடித்த, காற்றடித்த சில்லு. மணலில் மிதக்கும். அதில் ஒன்றைக் கதிரைக்கு முன்னால் நீட்டிப் பொருத்தினால் குப்புற விழாது. இந்த யோசனை பண்டாவுடையது. நான் இரும்பை வளைத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை காலை நாங்கள் இருவரும் ஒரு குப்பைக் குவியலுக்குள் நின்றபோது பின்னால் ஒரு குரல் கேட்டது. தமிழ் நிகழ்ச்சிகளில் முன்வரிசையில் இருக்கும் ஒரு டொக்டர். அது அவருடைய வீட்டுக் குப்பை.

"என்ன ராசநாயகம், வேலை போட்டுதோ?"

"இல்லை டொக்டர். வண்டில் எடுக்க வந்தனான்."

"பேரப்பிள்ளைக்கோ?"

"இல்லை. சாம்பியாவுக்கு."

"நல்லது, நல்லது" என்று சொல்லி உள்ளே போனார். சற்று நேரத்தில் அவருடைய மனைவி பழைய உடுப்பு நிறைந்த பை ஒன்றைக் கொண்டுவந்து பண்டாவிடம் நீட்டினார். நான் நிலத்தைப் பார்த்தேன். பண்டா நன்றி சொல்லி ஒரு கோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தார். அளவாக இருந்தது.

செய்தி எங்களுக்கு முன்னே வீட்டுக்குப் போய்விட்டது. "குப்பை பொறுக்கிறீங்களாம் எண்டு கோயிலில கதைக்கினம். நான் எப்பிடி அங்கால போறது?" என்றாள் மனைவி. பிறகு, "வடிவான வண்டிலோ?" என்றும் கேட்டாள்.

இரண்டாம் மாதம் கிரேஸ் ஒரு செய்தி கொண்டுவந்தார். பண்டாவின் தம்பி சைக்கிளோடு விழுந்துவிட்டான். எஸ்தருக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. அவரால் எழுத முடியாது, பதில் ஆசிரியரும் இல்லை. எழுபது பிள்ளைகள் வீட்டில் நிற்கிறார்கள்.

பண்டா அன்று வேலையை நிறுத்தவில்லை. வேலை செய்யும்போது பாட்டுப் பாடுகிறவர், அன்றைக்குப் பாடவில்லை. பின்னேரம் நான் லாச்சியைத் திறந்து அந்தச் சில்லை மேசையில் வைத்தேன்.

"மிஸ்டர் பண்டா, இந்தச் சில்லைக் கதிரையில பூட்டினது நான்."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"வந்த முதல் நாளே. உங்கட மேசையில மஞ்சள் டின் இருந்தது."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். சரி, அந்தக் குறட்டைத் தாங்கோ."

5

புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது ஆஸ்பத்திரியின் பயிற்சி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தார். பண்டாவுக்குச் சான்றிதழ் கொடுப்பதில் ஒரு சிக்கல் என்றார். பழக்குகிறவரிடம் தொழிற்சான்றிதழ் இருந்தால்தான் பழகியவருக்குக் கொடுக்கலாம். கிரெக்கிடம் சான்றிதழ் இருக்கிறது. ஆனால் அவர் பழக்கவில்லை. நான் பழக்கினேன். என்னிடம் இல்லை.

"நான் பழக்கினேன் என்று எழுதுங்கள்" என்றார் கிரெக்.

"பழக்கினீங்களா?"

கிரெக் நேர்மையானவர். கூரையைப் பார்த்தார்.

சான்றிதழ் இல்லாமல் பண்டா போனால் அவர் பழையபடி நோயாளிகளைத் தள்ளுகிறவர்தான். ரெக்னீசியன் பதவி கிடையாது. பதவி இல்லையென்றால் திறப்பு இல்லை. நாற்பது கதிரையும் பூட்டிய அறைக்குள் கிடக்கும். செய்த புதுக் கதிரை ஒன்றைக் கொண்டுபோனாலும், அது உடைகிற நாள் வரைக்கும்தான்.

வழி ஒன்று இருந்தது. படிக்காமல் அனுபவத்தால் தொழில் தெரிந்தவரைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பார்களாம். அதற்கு இருபத்தாறு பக்கப் படிவம். மகளிடம் கொடுத்தேன். அவள் அந்த ஆய்வுக்காக ஆபிரிக்காவைப் பற்றி அறைக்குள் இருந்து எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு ஆபிரிக்கர் ஒவ்வொரு நாளும் அவளுடைய குசினியில் கருவாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு.

"அப்பா, ஹையெஸ்ட் லெவல் ஒவ் ஸ்கூலிங்?"

"அஞ்சாம் வகுப்பு."

"கம்பிளீட்டட்?"

"சோதினை எழுதினனான். முடிவு வர முதல் கடை வேலைக்குப் போட்டன்."

அவள் பேனையை நிறுத்தினாள். "யூ வேர் இலெவன்?"

"ஓம்."

"பாஸ் பண்ணினீங்களா?" இதை மட்டும் தமிழில் கேட்டாள்.

"தெரியாது. போய்ப் பாக்கேல்லை."

அதற்குப் பிறகு அவள் படிவத்தில் இல்லாத கேள்விகளெல்லாம் கேட்டாள். பக்கம் ஒன்பதில் தொடங்கி, மனைவி சோற்றைச் சூடாக்கச் சூடாக்க, பத்து மணி வரைக்கும். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவள் என்னிடம் கேட்டது பிறந்து இருபத்து மூன்று வருடத்தில் அன்றைக்குத்தான். அடுத்த நாள் அந்தக் கதவு திறந்திருந்தது. பண்டா எட்டாம் இலக்கத் தகவலாளர் ஆனார்.

6

சோதனை எங்கள் பட்டறையிலேயே நடந்தது. பரீட்சகர் வெள்ளைக்காரப் பெண்மணி, மரியாதையானவர். எனக்கு உதவியாக அரசாங்கம் ஒரு மொழிபெயர்ப்பாளரை அனுப்பியிருந்தது. சென்னைக்காரர், கெட்டிக்காரர், கோட்டுப் போட்டிருந்தார். ஆனால் வாழ்க்கையில் ஒருநாளும் சைக்கிள் கடைக்குள் நின்றவர் இல்லை. பண்டா கதவடியில் நின்றார். அவரும் சோதனைக்கு ஒரு சாட்சி.

"சார், சக்கரத்தின் நேர்த்தன்மையை எவ்வாறு உறுதி செய்வீங்கன்னு கேக்குறாங்க."

நாற்பது வருடமாகச் செய்கிற வேலை. கடையில் முதலாளி எனக்கு ஒரு வார்த்தையாலும் சொல்லித் தரவில்லை. நான் பார்த்தேன், செய்தேன், பிழை என்றால் குட்டு விழும். அதில் சொல் எங்கே இருக்கிறது?

"சார், டைம் போகுது."

"கம்பியைத் தட்டிப் பாப்பன்" என்றேன்.

"தட்டிப் பார்த்து?"

"பாப்பன்."

அதை அவர் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். அழகான ஆங்கிலம். பரீட்சகர் அடுத்த கேள்வியைக் கேட்டார். அதற்கும் அதே கதி. மூன்றாவது கேள்விக்கு நான் தலையைக்கூட ஆட்டவில்லை. பரீட்சகர் தாளில் எதையோ எழுதிவிட்டுப் பேனையை மூடினார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. மணிக்கட்டில் கட்டுப் போட்ட ஒரு ஆசிரியை என் கண்ணில் தெரிந்தார். படத்தில்கூட நான் அவரைப் பார்த்ததில்லை.

"மேடம்" என்றார் பண்டா, "அவர் என்ன சொல்லுறார் எண்டு நான் சொல்லலாமோ?"

"உங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் எனக்கும் அவர் இப்பிடித்தான் படிப்பிச்சவர். அவற்ற கையில ஒரு சில்லைக் குடுங்கோ."

பரீட்சகர் தன் புத்தகத்தைப் புரட்டினார். செய்து காட்டிப் பதில் சொல்லலாம் என்று ஒரு விதி இருந்தது. கோணலான ஒரு பின்சில்லைத் தந்தார்கள். கையில் வந்ததும் எனக்கு அறையில் ஆட்கள் நிற்பது மறந்துபோய்விட்டது. பண்டா பேசத் தொடங்கினார்.

"இப்ப அவர் காது குடுக்கிறார். தளர்ந்த கம்பி மந்தமாச் சத்தம் போடும். கண்டிட்டார். கால் சுத்து, அதுக்கு மேல திருப்பமாட்டார். ஒரு பக்கத்தை இறுக்கினால் எதிர்ப்பக்கத்தையும் கேக்கவேணும், இல்லாட்டி அது கோவிக்கும். இப்ப பேசாமல் நிக்கிறார், பாத்தீங்களோ? இந்த இடத்தில எப்பவும் நிப்பார். ஏன் எண்டு ரெண்டாம் கிழமை கேட்டன், மறுமொழி இல்லை. அஞ்சாம் கிழமைதான் பிடிபட்டது. இறுக்கின உடன கம்பி முறுக்கிக்கொண்டு நிக்கும். கொஞ்சம் விட்டால் தானே நேராகும். விடாமல் இறுக்கினால் நாளைக்குப் பாதையில கோணும்."

அறையில் பேசப்படுவது எல்லாவற்றையும் எனக்கு மொழிபெயர்க்க வேண்டும் என்பது மொழிபெயர்ப்பாளரின் விதி. அவர் கடமை தவறாதவர். என் காதருகே குனிந்து, "இப்போது அவர் காத்திருக்கிறார், சார்" என்று என்னைப் பற்றி என்னிடம் சொன்னார். நான் எதற்காகக் காத்திருக்கிறேன் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சில்லைச் சுற்றிவிட்டேன். நேராகச் சுற்றியது. பரீட்சகர் அது நிற்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல சில்லு சீக்கிரம் நிற்காது, அதனால் நாங்கள் மூன்று பேரும் அவருடன் நின்றோம். பிறகு பேனையைத் திறந்தார். "யாருடைய சோதனை இது என்று எனக்குக் குழப்பமாக இருக்கிறது" என்றார். என்னுடையதும் பண்டாவுடையதுமாக இரண்டு படிவத்திலும் ஒப்பம் வைத்தார்.

7

பண்டா போகும்போது மூன்று பெட்டி நிறையக் குழந்தை வண்டிச் சில்லுகள் கொண்டுபோனார். உடம்பில் டொக்டருடைய கோட்டு. பதவி கிடைக்க நாலு மாதம் எடுத்தது. சான்றிதழில் இருக்கும் ஆஸ்பத்திரி உண்மையில் இருக்கிறதா என்று அங்கிருந்து கடிதம் வந்தது. இருக்கிறது என்று கிரெக் பதில் எழுதினார். அதன் பிறகு திறப்பைக் கொடுத்தார்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை பண்டா தொலைபேசி எடுத்தார். பதினேழு கதிரை முடிந்துவிட்டது. முதலாவது எஸ்தருக்கு. பள்ளிக்கூடம் நடக்கிறது, பிள்ளைகள் திரும்பி வந்துவிட்டார்கள். நடக்க முடியாத பிள்ளையைச் சுமந்து பள்ளிக்கூடம் கொண்டுபோன தாய் ஒருத்தி, அந்தப் பிள்ளைக்கும் கதிரை கிடைத்தபிறகு சந்தையில் தக்காளி விற்கத் தொடங்கியிருக்கிறாள். மகள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பண்டாவின் குரலில்தான் சந்தோசம் போதாதமாதிரி எனக்குப் பட்டது.

"என்ன, கதிரையில பிழையோ?" என்று கேட்டேன்.

"கதிரையில ஒண்டுமில்லை."

"பிறகு?"

"பதினொரு வருசம் ராஜ். காலமை காலமை அரை மணித்தியாலம். அவ பின்னால இருந்து கதைச்சுக்கொண்டு வருவா. பள்ளிக்கூடத்துச் சண்டை, அயலட்டைக் கதை, எல்லாம் அதிலதான் நான் கேட்டது. இப்ப நான் தேத்தண்ணி குடிச்சு முடிக்க முதல் ஆள் வெளிக்கிட்டிடும். நானும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால போவன். மணலில எனக்குச் சைக்கிள் புதையுது, அவவுக்குப் புதையேல்லை. கூப்பிட்டாலும் நிக்கிறாவில்லை."

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்த முன்சில்லைக் கொஞ்சம் மெதுவா ஓடப்பண்ண ஏதும் வழி இருக்கோ?"

இல்லை என்றேன்.